கிளினிக் நாளும் வேலை நாளே!



எங்கள் சங்கத்தின் உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததை வைத்து இதைத் தொடங்குகிறோம். அவரது சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். பெயரையும் தோட்டத்தையும் எழுதவில்லை. எழுதினால் நாளைக்கு அவரது மகளைப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அவருக்கு வயது முப்பத்துநான்கு. இரண்டு பிள்ளைகளின் தாய். மலையில் முன் நிரையில் நிற்கிற கை. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதத்தில் அவருக்குத் தூக்கம் போனது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பத்து நாள். தூங்காதவருக்குக் களைப்பே இல்லை. விடியற்காலை இரண்டு மணிக்கு எழும்பி லயத்துக் காம்பராவைக் கழுவினார். பேச்சு நிற்கவில்லை. தோட்டுக்கு வந்த வியாபாரியிடம் கடனுக்கு எட்டுச் சேலை வாங்கினார். நுண்கடன்காரனிடம் கையெழுத்துப் போட்டார். பதினோராம் நாள் மாலை கொழுந்து மடுவத்தில் தராசுக்கு முன்னால் நின்று, "எங்க கொழுந்தை வெட்டித்தானே நீங்க வயிறு வளர்க்கிறீங்க" என்று கணக்கப்பிள்ளையைப் பார்த்துக் கத்தினார். கூடையைத் தூக்கி வீசினார்.

"பைத்தியம் பேசுது, இழுத்துட்டுப் போங்க" என்றார்கள். இழுத்துக்கொண்டு போனார்கள்.

அன்று அவர் சொன்னது உண்மை. அந்த மடுவத்தில் தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் ஆளுக்கு இரண்டு மூன்று கிலோ வெட்டுப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. எங்கள் தோட்டக் கமிட்டி அந்த நிறுவையைப் பற்றி முறைப்பாடு எழுத இருந்தது. அந்த மாலைக்குப் பிறகு எழுதவில்லை. "அந்தப் பொம்பளை சொன்னதையா நாம எழுதுறது?" என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தோம். இந்தக் கட்டுரையில் மற்றவர்களைக் குற்றஞ்சாட்ட இருக்கிறோம். ஆகவே முதல் குற்றத்தை எங்கள் மேலேயே எழுதிவிட்டுத் தொடங்குகிறோம்.

பேயும் இல்லை, கொழுப்பும் இல்லை

அவருக்கு வந்தது இருதுருவ மனநிலைக் கோளாறு. டொக்டர்மார் பைபோலர் என்பார்கள். மனநிலை ஒரு காலத்தில் அளவுக்கு மேல் ஏறும். தூக்கம் தேவைப்படாது, பேச்சு ஓடும், காசு கையில் நிற்காது, எதையும் செய்யலாம் என்ற துணிச்சல் வரும், கோபம் பொங்கும். இன்னொரு காலத்தில் அதே மனநிலை பள்ளத்தில் விழும். காலையில் எழும்ப முடியாது, கூடைக் கயிற்றைத் தலையில் போடக் கை வராது, சாப்பாடு இறங்காது, இருந்தென்ன போயென்ன என்று தோன்றும். இரண்டுக்கும் நடுவே மாதக் கணக்கில், வருடக் கணக்கில் எல்லோரையும்போல இருப்பார்கள். பெரும்பாலும் இருபது வயதை ஒட்டி, வேலைக்குப் போகத் தொடங்கும் காலத்திலேயே இது தலைகாட்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகத்தில் 4 கோடிப் பேர் இந்த நோயோடு வாழ்ந்தார்கள். துரைமாரின் பங்களாவிலும் இது உண்டு, நம் லயத்திலும் உண்டு. வித்தியாசம் ஒன்றுதான்: பங்களாவில் வந்தால் அதற்கு ஓய்வு என்று பெயர், லயத்தில் வந்தால் பைத்தியம் என்று பெயர்.

ஏறும் காலத்தில் "பேய் பிடிச்சிருக்கு" என்கிறோம். இறங்கும் காலத்தில் "கொழுப்பு, வேலைக்குக் கள்ளம்" என்கிறோம். இந்தப் பெண்ணுக்கும் இரண்டும் சொன்னோம். கோடாங்கி வந்தார். உடுக்கை அடித்தார். செய்வினை என்றார். கழிப்புக்கென்று வீட்டில் இருந்த நகை அடகுக்குப் போனது. நாற்பது நாள் போன பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மாரியம்மன் கோவிலுக்குப் போக வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மாதா கோவிலுக்கும் போங்கள். விளக்கையும் ஏற்றுங்கள், மாத்திரையையும் கொடுங்கள். ஆனால் விளக்குக்காக மாத்திரையை நாற்பது நாள் தள்ளிப்போடாதீர்கள். அந்த நாற்பது நாளில் ஒருவர் தன் உயிரையே விட்டுவிடலாம்.

மருந்து இலவசம், நாள் இலவசமில்லை

வைத்தியசாலையில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். லித்தியம் கொடுத்தார்கள். 1949இல் அவுஸ்திரேலியாவில் ஜோன் கேட் என்ற வைத்தியர் இந்த நோய்க்கு உதவும் என்று கண்டுபிடித்த மருந்து அது. ஒரு வகை உப்பு. எத்தனையோ புது மருந்துகள் வந்த பின்னும் இந்த நோய்க்கு முன்வரிசை மருந்தாகவே நிற்கிறது. நம் பெண்ணுக்கும் அது கேட்டது. தூக்கம் வந்தது. பேச்சு நிதானமானது. ஒழுங்காக மருந்தெடுத்து, மாதாமாதம் கிளினிக்குக்கு வந்தால் பழையபடி மலைக்குப் போகலாம் என்று டொக்டர் சொன்னார்.

தோட்டம் வேறு விதமாகச் சொன்னது. பெரட்டுக்களத்தில் அவரது பெயரைக் கூப்பிடவில்லை. "உடம்பு நல்லாகட்டும், பிறகு பார்ப்போம்" என்றார்கள். கடிதம் இல்லை, விசாரணை இல்லை, தேதி இல்லை. ஐந்து மாதம் அப்படியே போனது. வேலையில்லாமல் லயத்துக்குள் அடைந்துகிடந்தவருக்கு இரண்டாவது முறை பள்ளம் வந்தது. அந்த முறை அவரைப் படுக்கையில் வீழ்த்தியது நோய் மட்டும்தானா? பெரட்டில் கூப்பிடப்படாத அந்தப் பெயருக்கும் அதில் பங்கு உண்டு என்கிறோம்.

பிறகு சங்கம் எழுந்தது. தாமதமாகத்தான் எழுந்தது. தொழில் திணைக்களத்துக்கு எழுதினோம். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் சட்டத்தை எடுத்துக்காட்டினோம். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒரு தொழிலாளியை நிறுத்துவதென்றால், அந்தத் தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். தற்காலிகமாக வேலை கொடுக்காமல் வைப்பதும் இந்தச் சட்டத்துக்குள் வரும். "பிறகு பார்ப்போம்" என்ற வாய்ப்பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. பெயர் மறுபடியும் செக்ரோலில் ஏறியது.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

கிளினிக் மாதத்துக்கு ஒரு நாள். முதல் பஸ்ஸுக்கு இறங்க வேண்டும். நம்பர் எடுத்து, கொப்பியை வைத்து, டொக்டரைப் பார்த்து, மருந்து எடுத்து, திரும்பி மலை ஏறும்போது பொழுது சாய்ந்துவிடும். இந்த நாட்டில் அரச வைத்தியசாலையில் டொக்டருக்குக் காசு இல்லை, மருந்துக்குக் காசு இல்லை. அது நம் முன்னோர் உழைப்பின் வரியிலும் கட்டப்பட்ட உரிமை. ஆனால் போய் வருகிற நாளுக்கு? அந்த நாளுக்குப் பேர் இல்லை.

கணக்குப் போடுங்கள். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். மாதம் ஒரு கிளினிக் என்றால் வருடத்துக்கு 16,200 ரூபாய் போகிறது. தனியாக அனுப்ப முடியாது என்று புருஷனோ தாயோ கூடப் போனால் இரண்டு பேர் போகிறது: 32,400 ரூபாய். பஸ் காசு வேறு, ஓட்டோக் காசு வேறு, இரத்தப் பரிசோதனைக்கென்று இன்னொரு நாள் போனால் அதுவும் வேறு. சம்பளம் கூடினால் இந்த நட்டமும் கூடத்தான் செய்யும்.

போன வருடம் தீபாவளிக்கு முன் என்ன நடந்தது தெரியுமா? பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்க வேண்டும். முற்பணம் கடனுக்கே சரி. ஒரு பேர்கூட விடக்கூடாது என்று இரண்டு மாதக் கிளினிக்கை அவர் விட்டார். மாத்திரை தீர்ந்தது. தீபாவளி முடிந்து பத்து நாளில் மறுபடியும் இரவு இரண்டு மணிக்கு எழும்பிக் காம்பராவைக் கழுவினார்.

மருந்தை ஒழுங்காக எடுக்கவில்லை என்று அவரைத் திட்டியவர்கள் பல பேர். அந்த இரண்டு நாளுக்கு 2,700 ரூபாயைக் கொடுக்காத முறையைத் திட்டியவர் யார்?

"தண்ணீர் நல்லாக் குடிங்க"

லித்தியம் எடுப்பவர்களுக்கு டொக்டர் சொல்லும் முதல் புத்திமதி இது. அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மருந்தில் பலன் தருகிற அளவுக்கும் நஞ்சாகிற அளவுக்கும் இடைவெளி குறைவு. அதனால்தான் இரத்தத்தில் அதன் அளவைச் சோதிக்கிறார்கள். சிறுநீரகத்தையும் தைரொயிட்டையும் இடைக்கிடை பார்க்கிறார்கள். வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் வற்றினாலும், வயிற்றோட்டம் வாந்தி வந்தாலும், சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைத்தாலும், இரத்தத்தில் லித்தியம் ஏறும்.

தண்ணீர் குடிக்கச் சொல்லும் டொக்டருக்கு நம் மலை தெரியாது. காலையிலிருந்து மாலை வரை பெண்கள் நிற்கும் மலையில் மலசலகூடம் எங்கே இருக்கிறது? ஒதுங்க இடமில்லாததால்தான் நம் பெண்கள் தாகத்தை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் கொழுந்து எடுக்கிறார்கள். மலையில் மலசலகூடம் கேட்டால் வசதி கேட்கிறோம் என்று சொல்கிறது நிர்வாகம். இது வசதியல்ல. லித்தியம் எடுக்கும் பெண்ணுக்கு இது உயிர்.

இன்னொன்றையும் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருங்கள். கூடை சுமந்து இடுப்பும் முதுகும் வலிக்கும்போது கடையில் வாங்கிப் போடுகிறோமே, டைக்குளோபினாக், இபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகள், அவை லித்தியத்தை இரத்தத்தில் ஏற்றிவிடும். லித்தியம் எடுப்பவர்கள் டொக்டரிடம் கேட்காமல் அவற்றைப் போடக்கூடாது. கடையிலும் டிஸ்பென்சரியிலும் "நான் லித்தியம் எடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். கை பலமாக நடுங்கினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், வாந்தியும் வயிற்றோட்டமும் நிற்காவிட்டால், அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்கு. தள்ளாடுகிறவரைப் பார்த்து "ஏத்திட்டு வந்திருக்கான்" என்று சிரிக்காதீர்கள்.

சோடியம் வல்ப்ரோயேட் என்ற மருந்தையும் இந்த நோய்க்குக் கொடுப்பார்கள். கர்ப்ப காலத்தில் அது வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். கலியாண வயதுப் பிள்ளைகளும், குழந்தை பெறும் வயதுத் தாய்மாரும் இதை டொக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள். ஆனால் எந்த மருந்தையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

சில மாத்திரைகள் காலையில் தூக்கக் கலக்கத்தைத் தரும். பெரட்டுக்குப் பத்து நிமிடம் பிந்தினால் அரைப்பேர், அல்லது திருப்பி அனுப்புகிறார்கள். மருந்தின் மயக்கத்தைச் சோம்பல் என்று எழுதுகிறது செக்ரோல். மாத்திரை எடுக்கும் நேரத்தை மாற்ற முடியுமா என்று டொக்டரிடம் கேட்கலாம். அந்தப் பத்து நிமிடத்தைத் தோட்டத்திடம் கேட்க வேண்டியது சங்கம்.

யார் மொழியில் நோய்?

காய்ச்சலுக்கு வெப்பமானி இருக்கிறது. எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே இருக்கிறது. இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. பேச்சுதான் பரிசோதனை. எத்தனை நாள் தூங்கவில்லை, முன்பு இப்படி வந்ததா, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று டொக்டர் கேட்க வேண்டும், நோயாளி சொல்ல வேண்டும்.

நம் பெண்ணின் முதல் கிளினிக்கில் டொக்டருக்குத் தமிழ் தெரியாது. அவருக்குச் சிங்களம் சந்தைச் சிங்களம். நடுவில் நின்று மொழிபெயர்த்தவர் தரை கூட்ட வந்த ஒரு தொழிலாளி. அவர் உதவி செய்தார், அவருக்கு நன்றி. ஆனால் ஒரு தாய் தன் மனதில் இருப்பதைக் கூடமெல்லாம் கேட்கச் சொல்ல வேண்டியிருந்தது. பாதியைச் சொன்னார். பள்ளத்தில் விழுந்ததைச் சொன்னார், ஏறியிருந்த காலத்தைச் சொல்ல வெட்கப்பட்டார். அந்தப் பாதி இந்த நோயில் பெரிய பாதி. சோர்வை மட்டும் கேட்டு, சோர்வுக்கு மட்டும் மருந்து கொடுத்தால், அதுவே மனநிலையை மறுபக்கம் ஏற்றிவிடலாம்.

1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதினார்கள். எழுதிய எழுத்து கிளினிக் மேசை வரை இன்னும் வந்து சேரவில்லை.

சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டது 1867இல். ஆறு வருடம் கழித்து, 1873இல், இந்த நாட்டில் மனநோயாளருக்கென்று வெள்ளைக்காரன் ஒரு கட்டளைச் சட்டம் போட்டான். 1956இல் பெயரை மாற்றினார்கள். அடைத்து வைப்பதைப் பற்றி எழுதப்பட்ட அந்தப் பழைய சட்டத்தின் நிழலில்தான் இன்னும் நிற்கிறோம். "அங்கொடைக்கு அனுப்புவோம்" என்பது இன்றும் மலையகத்தில் ஒரு மிரட்டல் வார்த்தை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. மனநோயோடு நீண்டகாலம் வாழ்பவர்களும் அந்தச் சமவாயத்துக்குள் அடங்குவார்கள். ஏற்றுக்கொண்ட கையெழுத்து கொழும்பில் இருக்கிறது. அதை மலைக்குக் கொண்டுவருவது நம் வேலை.

"சம்பளப் போராட்டத்துக்கு நடுவில் இது எதற்கு?"

எங்கள் தோழர்களே இப்படிக் கேட்கிறார்கள். இதுவும் சம்பளப் போராட்டம்தான், தோழரே.

2016 கூட்டு ஒப்பந்தத்தில் வரவுக் கொடுப்பனவு என்று நாளுக்கு 60 ரூபாய் வைத்தார்கள். அதற்கு முந்திய 2013 ஒப்பந்தத்தில் அது 140 ரூபாய். 75 சதவீத நாட்கள் வேலைக்கு வந்தால்தான் கிடைக்கும். நோயாளிக்கு அது கிடைத்ததா? மூன்று வாரம் வைத்தியசாலையில் கிடந்தவருக்கு, வேலை செய்த நாட்களுக்கான அந்தக் காசும் போனது. வரவுக்குக் காசு என்று எழுதும்போதெல்லாம் நோய்க்குத் தண்டம் என்று கூடவே எழுதப்படுகிறது. அப்போது அதில் கையெழுத்துப் போட்டவர்கள் தொழிற்சங்கத் தலைவர்கள். இனி எந்தப் பேச்சுவார்த்தை மேசையிலும் வரவோடு கட்டிய ஒரு ரூபாயைக் கண்டாலும், "கிளினிக் நாள் வரவாகக் கணக்கிடப்படுமா?" என்று கேட்காமல் எவரும் கையெழுத்துப் போடக்கூடாது.

"நோயைச் சொன்னால் கம்பனி அதையே சாட்டாக வைத்து ஆளைக் கழிக்கும்" என்கிறார்கள். சரியான பயம். அதனால்தான் நோயின் பெயரைச் சொல்லும்படி நாங்கள் கேட்கவில்லை. கிளினிக் கொப்பியில் அன்றைய முத்திரை இருந்தால் போதும். சீனி வியாதியா, பிரசரா, மனநோயா என்று கணக்கப்பிள்ளை அறிய வேண்டியதில்லை. சீனிக்கும் பிரசருக்கும் கிளினிக் போகிற ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கோரிக்கை.

"புத்திமதி சொன்னால் போதாதா?" என்றும் கேட்கிறார்கள். 1995இல் இந்த நாட்டில் தற்கொலை உச்சத்தில் இருந்தது. பிறகு பெருமளவு குறைந்தது. குறைந்ததற்குப் பெரிய காரணம், கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. புத்திமதி சொன்னவர்கள் அதற்கு முன்னும் இருந்தார்கள். விதியை மாற்றியபோதுதான் உயிர் தப்பியது. வீட்டிலும் இதை நினைவில் வையுங்கள்: களைக்கொல்லிப் போத்தலை லயத்துக் காம்பராவில் வைக்காதீர்கள். மனம் பள்ளத்தில் கிடக்கும் ஒருவர் "இனி வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னாலும் தனியே விடாதீர்கள். கூட இருங்கள், வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். 1926 என்பது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம், இரவும் பகலும் எடுக்கலாம்.

இன்று அவர் எப்படி இருக்கிறார்?

நன்றாக இருக்கிறார். தீபாவளிக்குப் பிறகு வந்த அந்தக் குழப்பம் பெரிதாகவில்லை. இரவு தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டதுமே பக்கத்துக் காம்பரா அக்கா எழும்பினார். அவருக்கு முன்பே சொல்லி வைத்திருந்தது. விடிந்ததும் புருஷனும் அக்காவுமாகக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வார்ட்டில் படுக்காமலே, இரண்டு வாரத்தில் தணிந்தது. அந்த அக்காவுக்கும் அன்று பேர் இல்லை.

அவர் தன் வாழ்க்கையை எப்படிக் கட்டி வைத்திருக்கிறார் என்று கேட்டோம். அவர் சொன்னது இது. இரவுச் சாப்பாட்டோடு மாத்திரை. ஒன்பது மணிக்குப் படுக்கை. பொழுது சாய்ந்தால் சாயத்தண்ணி இல்லை. காமன் கூத்துக் காலத்தில் முன்பு விடிய விடியப் பார்ப்பார், இப்போது ஒன்பது மணி வரை பார்த்துவிட்டு வந்துவிடுகிறார். தூக்கம் கெட்டால் நோய் வாசலில் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த லயத்துக் காம்பராவில் ஐந்து பேர் படுக்க வேண்டும். இவருக்கு ஒரு மூலையைச் சேலை கட்டி மறைத்துக் கொடுத்திருக்கிறார் மாமியார். புருஷன் வீட்டுக்குள் குடிப்பதை விட்டிருக்கிறார்.

நன்றாக இருந்த ஒரு நாளில் தன் அடையாளங்களைத் தானே சொல்லி மகளை எழுத வைத்திருக்கிறார்: இரவு இரண்டு மணிக்கு எழும்பி வீடு கழுவினால், கடனுக்குச் சேலை எடுத்தால், ஆட்களைப் பேசவிடாமல் பேசினால், என்னைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள், நான் மாட்டேன் என்று சொன்னாலும் பேசிச் சம்மதிக்க வையுங்கள். அந்தக் காலத்தில் வங்கி அட்டை அக்காவிடம் இருக்கும். அதுவும் அவரே எடுத்த முடிவு. எல்லாம் செய்தும் நோய் மறுபடி வரலாம், அதுவும் அவருக்குத் தெரியும். வந்தால் யார் வருவார்கள் என்பதும் தெரியும்.

இந்த நோயோடு நல்லபடி வாழ்வது என்றால் இதுதான். மாத்திரை, தூக்கம், கூட நிற்கும் நாலு பேர், செக்ரோலில் ஒரு பெயர். முதல் மூன்றையும் அவரும் அவரது லயமும் சேர்ந்து சம்பாதித்துவிட்டார்கள். நாலாவதைக் காப்பாற்றுவது சங்கத்தின் கடமை.

எங்கள் கோரிக்கைகள்

1. அரச வைத்தியசாலையின் கிளினிக் கொப்பியைக் காட்டினால் அந்த நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும். கூட்டிக்கொண்டு போக வேண்டிய நோயாளி என்றால் கூடப் போகும் ஒருவருக்கும் பேர் போட வேண்டும். நோயின் பெயரைக் கேட்கக்கூடாது.

2. நோய் குணமாகி வந்தவரைப் பெரட்டில் வாய்ப்பேச்சால் நிறுத்தக்கூடாது. நிறுத்துவதென்றால் எழுத்தில் தர வேண்டும், சட்டப்படி செய்ய வேண்டும். வருடக்கணக்கில் உழைத்தவரை "அன்பிட்" என்று எழுதி வெளியே அனுப்பும் கடிதங்களில், சங்கத்திடம் காட்டாமல் எவரும் கையெழுத்துப் போடாதீர்கள். வேலை பறிபோனால் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். நாட்களைக் கடத்தாதீர்கள்.

3. ஒவ்வொரு மலைக்கும் எட்டும் தூரத்தில் குடிதண்ணீரும் பெண்களுக்கு மலசலகூடமும் வேண்டும்.

4. தூக்கம் கெடக்கூடாது என்று டொக்டர் எழுதிக் கொடுத்தவர்களை ஸ்டோரில் இரவு வேலைக்குப் போடக்கூடாது. சம்பளம் குறையாமல் பகல் வேலை கொடுக்க வேண்டும்.

5. மலையக மாவட்டங்களின் உளநல கிளினிக்குகளில் தமிழ் பேசும் டொக்டர் அல்லது பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டும். நோய் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் அருகிலுள்ள சிறிய வைத்தியசாலையிலேயே மருந்து எடுக்க வழி செய்ய வேண்டும். 2022இல் நெருக்கடிக் காலத்தில் பட்ட மருந்துத் தட்டுப்பாட்டை இனியும் ஏழை நோயாளியின் தலையில் கட்டக்கூடாது.

நிர்வாகத்துக்கு ஐந்து கோரிக்கை வைத்தால் நமக்கு ஒன்றாவது வைக்க வேண்டாமா? ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இரண்டு பேரைத் தெரிவு செய்ய வேண்டும், ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். கிளினிக் போகிறவர்களுக்குத் துணையாகப் போவதும், வேலையில் சிக்கல் வந்தால் பேசுவதும், நோய்க் காலத்தில் போட்ட கடன் கையெழுத்துகளுக்காகக் கடன்காரரோடு பேசுவதும், கேட்டதை வெளியில் சொல்லாமல் இருப்பதும் அவர்கள் பொறுப்பு. சங்கக் கூட்டத்தில் பட்டப்பெயர் சொல்லிச் சிரிப்பவர் எந்தப் பதவியில் இருந்தாலும் அவரை நிறுத்திக் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. மூன்று வருடத்துக்கு முன் எழுதாமல் விட்ட நிறுவை முறைப்பாட்டை எங்கள் தோட்டக் கமிட்டி இப்போது எழுதிக் கொடுத்திருக்கிறது. அதில் முதல் கையெழுத்து அந்தப் பெண்ணுடையது. அன்று மடுவத்தில் கத்திச் சொன்னதை இன்று நிதானமாக, தேதி போட்டு, கிலோக் கணக்கோடு சொல்லியிருக்கிறார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

கிளினிக் நாளும் வேலை நாளே! பேர் போடு!